வலிக்காத கால்

சுகர் இருக்கிறவங்க வீட்ல ஒருத்தராவது இருந்தா இந்த த்ரெட்டை நிதானமா படிங்க. கொஞ்சம் நீளம்தான். பாதி வரலாறு, பாதி கால் தோல். ரெண்டையும் பிரிச்சு எழுத முடியலை.

ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் போனவங்களுக்கு அந்தத் தறிச் சத்தம் தெரியும். அங்க ஓடுற தறிகள்ல நிறைய சேலை, வேட்டித் தறி இல்ல. பேண்டேஜ் துணி, காஸ் துணி. நம்ம ஆஸ்பத்திரிகளுக்கும் போகுது, கப்பலேறி வெளிநாட்டுக்கும் போகுது. ஊர் உலகத்துக்குப் புண் கட்டத் துணி நெய்யுற பூமி இது.

அதே பூமியில, ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ, எந்த ஓபியில உட்கார்ந்தாலும் இந்தக் காலைப் பார்க்கலாம். முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளை பூத்து, செதில் செதிலா இருக்கும். நகம் பட்டா சாக்பீஸ்ல கிழிச்ச மாதிரி கோடு விழும். முன்னங்கால் எலும்பு மேல காசு அளவுக்குப் பழுப்புத் தழும்புகள். குதிகால்ல பித்தவெடிப்பு. கரிசக்காடு சித்திரை வெயில்ல வாய் பிளந்து கிடக்குமே, அந்த மாதிரி.

“எத்தனை நாளா இப்படி இருக்கு?”ன்னு கேட்டா, பெரும்பாலும் வர்ற பதில்: “ரொம்ப நாளா இருக்கு டாக்டர். ஆனா வலியெல்லாம் ஒண்ணும் இல்ல.”

வலி இல்லைன்னு அவங்க சொல்றது நிம்மதியோட. கேட்கிற எனக்குத்தான் பகீர்னு இருக்கும். ஏன்னு புரியணும்னா நாம கொல்லிமலை வரைக்கும் போகணும்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன சுற்று. 1922 ஜனவரியில டொரன்டோவில் முதன்முறையா ஒரு சிறுவனுக்கு இன்சுலின் போட்டாங்க. அதுக்கு முன்னால கடுமையான சர்க்கரை நோய் வந்தவங்க, குறிப்பா குழந்தைகள், ரொம்ப நாள் உயிரோட இருந்ததில்லை. இன்சுலின் ஆயுளைக் கொடுத்தது. ஆயுள் நீண்டதும், பல வருஷம் சர்க்கரை ஏறி இறங்கினா நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் என்ன ஆகும்னு தெரிய வந்தது. பாஸ்டனில் எலியட் ஜோஸ்லின்னு ஒரு டாக்டர். சர்க்கரை நோயில கால் அழுகுறது விதி இல்ல, தடுக்கக்கூடியதுன்னு 1934-ல் எழுதினார். தன்னோட நோயாளிகள் தினம் காலைக் கழுவணும், பார்க்கணும்னு பிடிவாதமா சொல்லிக் கொடுத்தவர் அவர்.

ஆனா பெரும்பாலான டாக்டர்கள் மனசுல அப்போ பதிஞ்சிருந்தது வேற கணக்கு. சர்க்கரை ரத்தத்தைக் கெடுக்குது, ரத்தம் கெட்டா கால் அழுகுது, அழுகினா எடுக்கணும். அவ்வளவுதான். அந்தக் கணக்கு எவ்வளவு அரைகுறைன்னு காட்டினது சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கூடம் இல்ல. தமிழ்நாட்டுத் தொழுநோயாளிகள்.

பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி, அம்மா எவ்லின், ரெண்டு பேரும் மிஷனரிகள். ஒன்பது வயசுல படிப்புக்காக இங்கிலாந்து போனார். அப்பா 1929-ல் மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். மகன் லண்டனில் மருத்துவம் படிச்சு, உலகப்போரில் குண்டு விழுந்து காயப்பட்டவங்களுக்கு அறுவை சிகிச்சை செஞ்சு கைபழகி, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து சேர்ந்தார். கூப்பிட்டவர் ராபர்ட் காக்ரேன், தொழுநோய் மருத்துவத்தில் பெரிய பெயர்.

காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு அழைச்சுட்டுப் போனார். அங்கே விரல்கள் மடங்கி நகம் மாதிரி ஆகிப்போன ஒரு கையைப் பிடிச்சுப் பார்த்து, “அழுத்துங்க”ன்னாராம் பிராண்ட். அந்தக் கை அவர் கையை நொறுக்குற மாதிரி அழுத்தியது. செத்துப்போன கைன்னு எல்லாரும் நினைச்சதுல நல்ல தசை உயிரோட இருக்கு! ஒரு எலும்பு மூட்டு டாக்டர் கூட இந்த நோயாளிகளைத் திரும்பிப் பார்த்ததில்லைங்கிறது அப்பதான் அவருக்கு உறைச்சது.

அடுத்து நடந்த ஒண்ணு. துருப்பிடிச்ச ஒரு பூட்டு. பிராண்ட் எவ்வளவு முறுக்கியும் சாவி திரும்பலை. பக்கத்துல நின்ன ஒல்லியான ஒரு தொழுநோய்ச் சிறுவன் வாங்கி, ஒரே முறுக்கு, திறந்துட்டான். தரையில ரத்தச் சொட்டு. பையன் விரலைப் பார்த்தா, சாவி எலும்பு வரைக்கும் வெட்டியிருக்கு. அவனுக்குத் தெரியவே இல்லை.

அவனுக்கு நம்மளைவிட பலம் அதிகமா? இல்ல. நம்மளை “போதும், நிறுத்து”ன்னு சொல்ற வலி அவனுக்கு இல்ல.

அதுக்கப்புறம் வேலூர்ல நடந்தது கிட்டத்தட்ட துப்பறியும் வேலை. நோயாளிகளையே கூட்டாளிகளாக்கி, ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினாங்க. இந்தக் கொப்புளம் எப்படி வந்தது? சூடான பாத்திரத்தைத் துணியில்லாம பிடிச்சதால. இந்தக் கால் புண்? செருப்புக்குள்ள கிடந்த ஆணியோட நாள் முழுக்க நடந்ததால. சிலருக்கு ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் காலையில குறைஞ்சிருந்தது. முழிச்சிருந்து காவல் காத்துப் பார்த்தா, எலி. கடிக்கிறது தெரியாம தூங்கியிருக்காங்க. வைத்தியம்? பூனை வளர்த்தாங்க. சிரிக்கிற மாதிரி இருக்கு, ஆனா மருத்துவ வரலாற்றுல இதைவிட நேர்மையான சிகிச்சை குறைவு.

பிராண்ட் வந்து சேர்ந்த முடிவு: தொழுநோயில் சதை தானா அழுகி விழலை. உணர்ச்சி போன இடத்துல காயம் படுது, பட்டது தெரியலை, அதே காயத்து மேல நடக்குறாங்க, வேலை பார்க்குறாங்க. ஓய்வு கொடுத்தா அந்தப் புண்ணும் எல்லார் புண்ணையும் போல ஆறுது. பாதப்புண்ணுக்கு மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தைக் குறைச்சு ஆற வெச்சாங்க. இந்த மாவுக்கட்டு யோசனைக்கு முன்னோடி நம்ம பக்கத்து வீடு. 1930-களிலேயே இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் இதைச் செஞ்சிருக்கார்.

புண் ஆறினப்புறம் திரும்ப வராம இருக்க, மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு. இன்னிக்கு ராஜபாளையம் கடைவீதியில “சுகர் செருப்பு”ன்னு கேட்டா எடுத்துக் கொடுக்கறாங்களே, அதோட பூர்வீகம் இதுதான். ஒரு காலத்துல அந்தச் செருப்பைப் போட்டாலே “இவருக்குத் தொழுநோய்”னு ஊர் ஒதுங்கிப் போகும்னு பயந்து, கொடுத்தாலும் போடாம வெச்சுக்கிட்டவங்க உண்டு. இன்னிக்கு விலை கொடுத்து வாங்கி, அழகா டிசைன் இருக்கான்னு பார்க்கிறோம்.

சரி, இதுக்கும் தோல் வறண்டு போறதுக்கும் என்ன சம்பந்தம்? இங்கதான் விஷயமே இருக்கு.

நரம்புல மூணு வகை வேலை உண்டு. தொட்டா தெரிய வைக்கிறது ஒண்ணு. தசையை அசைக்கிறது ஒண்ணு. மூணாவது யாரும் கண்டுக்காத வேலை: வியர்வைச் சுரப்பிகளை இயக்குறது. இந்த மூணாவது நரம்பு போனா கால் வியர்க்காது. வியர்வைதான் தோலோட ஈரம். அது நின்னா தோல் காய்ஞ்சு, தடிச்சு, வளையுற தன்மை போய், நடக்கும்போது வெடிக்கும். முதல் வகை நரம்பும் போயிருந்தா வெடிச்சது வலிக்காது. வெடிப்பு கிருமிக்குத் திறந்து வெச்ச கதவு.

அதனால “கால் இப்பல்லாம் வியர்க்கிறதே இல்ல டாக்டர், சுத்தமா இருக்கு”ன்னு யாராவது சந்தோஷமா சொன்னா நான் உடனே செருப்பைக் கழட்டச் சொல்லுவேன். ராஜபாளையம் வெயில்ல கால் வியர்க்கலைன்னா அது நல்ல செய்தி இல்ல.

தொழுநோய் மையங்கள்ல இதுக்குச் செஞ்சது ரொம்ப எளிமை. தினம் கொஞ்ச நேரம் சாதாரணத் தண்ணியில காலை ஊற வெச்சு, தடிச்ச தோலைப் பக்குவமா தேய்ச்சு எடுத்து, ஈரம் காயறதுக்குள்ள எண்ணெய் தடவுறது. எண்ணெய் தோலுக்குள்ள ஈரத்தைப் புதுசா கொண்டுவராது, இருக்கிற ஈரத்தை வெளியே போகவிடாம மூடி வைக்கும். பானைக்கு மூடி போடற வேலை. காய்ஞ்சுபோன கால்ல எண்ணெய் தடவுறது வெறும் பானைக்கு மூடி போடறது மாதிரி. அதனாலதான் குளிச்ச உடனே.

1966-ல் பிராண்ட் அமெரிக்கா போனார். லூசியானா மாநிலத்துல கார்வில் என்ற இடத்தில் இருந்த அரசுத் தொழுநோய் மருத்துவமனை. அங்க அவர் சர்க்கரை நோயாளிகளோட காலைப் பார்த்தார். வேலூர்ல பார்த்த அதே புண், அதே இடம், அதே வறட்சி. ஒரு வித்தியாசம்: ரத்த ஓட்டம் குறைஞ்சு போற பிரச்சினை சர்க்கரை நோயில கூடுதலா உண்டு. ஆனா புண்ணைத் தொடங்கி வைக்கிறது பல பேருக்கு வலிக்காத அந்தக் காலும், அந்தக் காலோட நடந்த நடையும்தான். மாவுக்கட்டு, மிருதுவான செருப்பு, தினம் காலைப் பார்க்கிற பழக்கம் எல்லாம் அந்த வழியா சர்க்கரை நோய் மருத்துவத்துக்குள்ள நுழைஞ்சது.

சுகர் கிளினிக்ல ஒரு நைலான் இழையை வெச்சு உள்ளங்கால்ல தொட்டு “தெரியுதா, தெரியுதா”ன்னு கேட்பாங்களே? 10 கிராம் அழுத்தத்துல வளையுற இழை. அந்த அளவு தெரிஞ்சா கால் தன்னைக் காப்பாத்திக்கும், தெரியலைன்னா ஆபத்துன்னு 1986-ல் எழுதினவங்க கார்வில்காரங்கதான். அவங்க சோதிச்சதும் தொழுநோயாளிகளையும் சர்க்கரை நோயாளிகளையும்.

ஊர் ஒதுக்கி வெச்ச மனுஷங்களோட காலிலிருந்து கிடைச்ச பாடம் இது. 1954-லேயே சென்னை ராயபுரத்தில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்குன்னு தனி மருத்துவமனை தொடங்கிட்டார். சென்னைக்கு வேலூர் எவ்வளவு தூரம்? மூணு மணி நேரம். ஆனா அந்தப் பாடம் ஊர் ஊரா, வீடு வீடா போய்ச் சேர்ந்துச்சான்னு கேட்டா, என் ஓபி அனுபவத்துல இன்னும் இல்லைன்னுதான் சொல்லுவேன். 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவுல சர்க்கரை நோயோட இருக்கிறவங்க 10.1 கோடி. அதுல எத்தனை பேர் நேத்து ராத்திரி தன் காலைக் குனிஞ்சு பார்த்திருப்பாங்க?

பாதத்துக்கு மேல, முன்னங்காலுக்கு வருவோம். அதை எல்லாரும் மறந்துடறாங்க.

அந்தப் பழுப்புத் தழும்புகள் பத்தி 1964-ல் ஸ்வீடனில் மெலின் என்ற மருத்துவர் எழுதினார். அடுத்த வருஷம் பிங்க்லி அதுக்கு “டயபெடிக் டெர்மோபதி”ன்னு பெயர் வெச்சார். வலிக்காது, அரிக்காது, தனியா வைத்தியமும் தேவையில்லை. மாநிறக் கால்ல பலர் “கொசு கடிச்ச தழும்பு”ன்னு விட்டுடறாங்க. விடலாம், ஆனா அது ஒரு தகவல்: சின்ன ரத்தக்குழாய்கள் அடி வாங்குது, கண்ணையும் கிட்னியையும் பரிசோதிச்சுக்கோங்கன்னு சொல்ற தகவல்.

முன்னங்கால்ல தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை ரொம்பக் கம்மி. நாள்பட்ட சர்க்கரை தோலைத் தாங்குற நார்களையும் விறைப்பாக்கிடுது. வயசும் சேர்ந்தா தோல் பழைய பேப்பர் மாதிரி. கட்டில் கால், டிவிஎஸ் எக்ஸெல் ஸ்டாண்டு, பேரனோட சைக்கிள் பெடல், ஏதாவது ஒண்ணு லேசா உரசினாலே உரிஞ்சுடும். இந்தக் காலுக்கு என்ன செய்யணும்?

குளிக்கிற தண்ணி வெதுவெதுப்புக்கு மேல வேண்டாம். சூட்டைக் காலால பார்க்காதீங்க. முழங்கையால பாருங்க, இல்லாட்டி வீட்ல சுகர் இல்லாத ஒருத்தரைப் பார்க்கச் சொல்லுங்க. தொழுநோய் மையத்துல ஊற வெச்சாங்கன்னு சொன்னேன்ல, அதைச் சர்க்கரை நோயாளிகள் அப்படியே செய்ய வேண்டாம். நீண்ட நேரம் ஊறினா விரலிடுக்கு நைஞ்சு போகும், பூஞ்சை வரும். வெந்நீர்ல ஊற வெச்சு கொப்புளத்தோட வர்றவங்களை ஒவ்வொரு மார்கழியும் பார்க்கிறேன். சும்மா கழுவினா போதும். பீர்க்கங்கூடு, கல், நார் போட்டுத் தேய்க்காதீங்க. துண்டால தேய்க்காம ஒத்தி எடுங்க, விரலிடுக்கையும் சேர்த்து.

மூணு நிமிஷத்துக்குள்ள எண்ணெயோ கிரீமோ. முழங்காலுக்குக் கீழே இருந்து குதிகால் வரைக்கும். விரலிடுக்குல மட்டும் வேண்டாம். எந்த எண்ணெய்? தேங்காய் எண்ணெய் தாராளமா போதும். 2004-ல் பிலிப்பைன்ஸில் வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க, ரெண்டும் சமமா வேலை செஞ்சது. வாசலினும் நல்லது. குதிகால் ரொம்பத் தடிச்சிருந்தா யூரியா கலந்த கிரீம் எழுதிக் கொடுப்போம். யூரியான்னதும் உரக்கடைக்குப் போயிடாதீங்க! மெடிக்கல்ல தனியா கிரீமா கிடைக்கும். வெடிப்பு திறந்து ரத்தம் கசிஞ்சா அதுமேல போடக் கூடாது, எரியும். எண்ணெய் தடவின காலோட டைல்ஸ் தரையில நடக்காதீங்க. ராத்திரி படுக்கும்போது தடவி, இறுக்கமில்லாத பருத்தி சாக்ஸ் போட்டுக்கிட்டா இன்னும் நல்லது.

கால் ஆணியைப் பிளேடால செதுக்குறது, ஆணி பிளாஸ்திரி ஒட்டுறது ரெண்டும் வேண்டாம். அந்தப் பிளாஸ்திரில இருக்கிற அமிலம் ஆணியையும் அரிக்கும், நல்ல தோலையும் அரிக்கும். உங்களுக்குத் தெரியாது, ஏன்னா வலிக்காது.

இப்போ சத்திரப்பட்டித் துணிக்கு வருவோம். உரிஞ்ச தோல் மேல வெறும் காஸ் துணியை வெச்சு, காஞ்சப்புறம் வெடுக்குனு பிச்சு எடுக்கறதைப் பார்த்திருப்பீங்க. புதுசா வளர்ந்த தோலும் சேர்ந்து வந்துடும். முதல் உலகப்போர் சமயத்திலேயே இதுக்கு வழி கண்டுபிடிச்சவர் அகஸ்ட் லூமியர். சினிமாவைக் கொடுத்த அதே லூமியர் சகோதரர்கள்ல மூத்தவர்! வலைத்துணியைப் பாரஃபினில் தோய்ச்சு, புண்ணுல ஒட்டாத துணியாக்கினார். இன்னிக்கும் மெடிக்கல்ல பாரஃபின் காஸ்னு கேட்டா கிடைக்கும். 1962-ல் ஜார்ஜ் விண்டர் பன்றிகள்ல சோதிச்சு, மூடி ஈரமா வெச்ச காயம், காத்தாட விட்டுப் பொருக்குக் கட்டினதைவிடச் சீக்கிரம் தோல் மூடுதுன்னு காட்டினார். “புண்ணைக் காத்தாட விடு”ங்கிறது நம்ம வீடுகள்ல இன்னும் வேதவாக்கு. அறுபது வருஷம் ஆச்சு, அதை விட்டுடலாம்.

ஒட்டிக்கிட்ட துணியைச் சலைன் ஊத்தி ஊற வெச்சு மெதுவா எடுங்க. மெலிஞ்ச தோல் மேல பிளாஸ்திரி நேரா ஒட்டாதீங்க. காஸ் வெச்சு மேல பேண்டேஜைச் சுத்தி, துணி மேலேயே பிளாஸ்திரி ஒட்டுங்க. சுத்துறதும் இறுக்கமா இல்லாம. கால் வீக்கத்துக்குன்னு கிரேப் பேண்டேஜை நீங்களா இறுக்கிக் கட்டாதீங்க. காலுக்கு ரத்த ஓட்டம் இருக்கான்னு பார்க்காம கட்டினா இருக்கிற ஓட்டமும் நின்னு போகலாம்.

நம்ம ஊர்ப் பழக்கம் ஒண்ணு பத்தியும் சொல்லணும். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழி, இருக்கன்குடி பாதயாத்திரை, சதுரகிரிக்கு வேண்டிக்கிட்டு வெறுங்காலோட ஏறுறது, ஆடிப்பூரத்துல ஆண்டாள் தேர் இழுக்கிறது. சாமி காரியத்துல தலையிட எனக்கு உரிமை இல்ல. ஒண்ணே ஒண்ணு. இழை டெஸ்ட்ல கால் மரத்துப்போச்சுன்னு வந்தவங்க பூக்குழியும் வெறுங்கால் நடையும் வேண்டாம். “சுடலையே, அம்மன் அருள்”னு நினைச்சு வீட்டுக்கு வந்து, மூணு நாள் கழிச்சு வாடை வந்தப்புறம் ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களைப் பார்த்திருக்கேன். அம்மனுக்கு வேற வேண்டுதல் மாத்திக்கலாம், கோயில்லேயே கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க. மத்தவங்களும் கோயில் கல் தரையில உச்சி வெயில்ல நடக்காம காலையிலேயே போயிட்டு வந்துடுங்க. வீடு வந்ததும் உள்ளங்காலைப் பாருங்க. குனிய முடியலைன்னா தரையில ஒரு கண்ணாடி, இல்லாட்டி மருமகளோ பேத்தியோ.

பால்கோவா பத்தி யாரும் கமெண்ட்ல கேட்காதீங்க, பதில் உங்களுக்கே தெரியும்.

எப்போ அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும்: தோல் உரிஞ்ச இடம் ரெண்டு நாள்ல சின்னதாகலைன்னா, ஒரு கால் மட்டும் சிவந்து சுட்டா, கொப்புளம், சீழ், வாடை, கருப்பு நிறம் தெரிஞ்சா, காய்ச்சல் வந்தா. வலி இருக்கா இல்லையாங்கிறதை இந்தக் கணக்குல சேர்க்காதீங்க.

பிராண்ட் பத்தி இன்னொரு சம்பவம் இருக்கு. இங்கிலாந்துல ஒரு நீண்ட ரயில் பயணம் முடிஞ்சு ராத்திரி சாக்ஸைக் கழட்டும்போது, அவருக்குக் குதிகால்ல உணர்ச்சி இல்லாத மாதிரி பட்டது. ஊசியால குத்திப் பார்த்தார், தெரியலை. தனக்கும் தொழுநோய் வந்துடுச்சுன்னு ராத்திரி முழுக்கத் தூங்கலை. விடிஞ்சதும் அதே இடத்துல மறுபடி குத்தினார். சுரீர்னு வலிச்சது. ரயில்ல அசையாம உட்கார்ந்ததுல நரம்பு அழுந்தி மரத்திருக்கு, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னதை எழுதி வெச்சிருக்கார். 2003-ல், 88 வயசுல சியாட்டிலில் காலமானார்.

அடுத்த தடவை ஜி.எச்.சுக்கோ கிளினிக்குக்கோ சுகர் மாத்திரை வாங்கப் போகும்போது, செருப்பைக் கழட்டிட்டு “டாக்டர், இழை டெஸ்ட் பண்ணிப் பாருங்க”ன்னு நீங்களே கேளுங்க. வேட்டியையோ புடவையையோ கொஞ்சம் தூக்கி முன்னங்காலையும் காட்டுங்க. ரெண்டு நிமிஷ வேலை.